கடல் தெரியும் அறையில் ஒரு நைட் ஷிப்ட்காரர்

கப்பலில் பால்கனி அறைக்குக் கூடுதலாகக் காசு கட்டலாமா வேண்டாமா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. இத்தனைக்கும் கட்டியவளே நான்தான். போய்த் தங்கி, பழம் தின்று, வெள்ளைக் கோட்டு மாட்டி, திரும்பியும் வந்தாயிற்று. லாபமா நட்டமா என்று யோசித்தால் மனசு ஒரு பக்கம் ஆமாம் என்கிறது, இன்னொரு பக்கம் போடி பைத்தியக்காரி என்கிறது.

தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் நீண்ட நாள் சேவை செய்தவர்களுக்கு வழக்கமாகக் குத்துவிளக்குதான் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் சிலுவைக்குக் கீழே அதை எங்கே வைப்பது என்று நான் முன்கூட்டியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்த வருடம் என்ன நினைத்தார்களோ, கணவன் மனைவி இருவருக்கும் கப்பல் பயணம் என்றார்கள். சென்னையிலிருந்து திருகோணமலை போய்த் திரும்புவது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் ரேவதிக்கு அடுத்த வருடம் முறை வருகிறது. அவளுக்கு என்னைவிட அவசரம்.

"எஸ்தர் அக்கா, எல்லாத்தையும் நல்லா பாத்துக்கினு வா. கம்பெனி குடுக்கிறது ஜன்னல் இல்லாத ரூமாம். மேல காசு கட்டுனா பால்கனி ரூமாம், தனி சாப்பாடாம், தனி லைனாம். அது ஒர்த்தா இல்லையான்னு எனக்கு வந்து சொல்லணும். ஆமா, சொல்லிட்டேன்."

சொல்கிறேன் என்றேன். எனக்கு இருந்த கவலை வேறு.

எங்கள் வீட்டுக்காரர் தேவராஜ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் ஃபர்னஸ் ஆபரேட்டர். நிரந்தர நைட் ஷிப்ட். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வீட்டில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று நாங்களே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. எனக்குப் பகல், அவருக்கு இரவு. மகன் ஓசூருக்குப் போய்விட்டான், மகள் கல்யாணமாகி அரக்கோணத்துக்குப் போய்விட்டாள். ஷிப்ட் மட்டும் போகவில்லை. அவருக்கு வார விடுமுறை புதன், எனக்கு ஞாயிறு. காலையில் அவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் ஸ்டாப்பில்தான் நான் என் பஸ் ஏறுவேன். வீட்டுக்கு இருந்த இரண்டு சாவியில் ஒன்று தொலைந்து பல காலம் ஆகிறது. இருக்கிற ஒன்றை அவர் கையில் கொடுத்து, "கொழம்பு அடுப்பு மேல கீது" என்பேன். "செரி" என்பார். எங்கள் குடும்பம் நடப்பது அந்த பஸ் ஸ்டாப்பில்தான்.

அதனால் எனக்குக் கடலும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். இந்த மனிதர் பகல் வெளிச்சத்தில் கண்ணைத் திறந்துகொண்டு என் எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். இந்த வயதில் வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று ரேவதியிடம்கூடச் சொல்லவில்லை.

கிளம்பும் நாள் அன்று அவர் நைட் முடித்து நேராக ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்தார். ஒரு நாள் முன்பே லீவு போடச் சொன்னதற்கு, "நைட்ட வுட்டா எவன் பாப்பான்" என்று ஏற்கெனவே பதில் வந்திருந்தது. மின்சார ரயில் அத்திப்பட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே காரணமே சொல்லாமல் நின்றுவிட்டது. கப்பல் போய்விடுமோ என்று நான் வாசல் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் மேல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினார். கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி, "உன் ஊட்டுக்காரரா? பாவம், ஒக்கார வச்சுக்கோ" என்று எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்ததும் அவர் தூக்கம் இன்னும் ஆழமானது.

கப்பலைப் பார்த்ததும் வாய் பிளந்தது நான்தான். எங்கள் அறை கீழ்த்தளத்தில், நடுவில். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தி விளக்கை அணைத்தால் கண்ணுக்கு எதிரே கை தெரியாது. அவர் ஒருமுறை அணைத்துப் பார்த்தார். இருட்டிலிருந்து "ஆஹா" என்று ஒரு சத்தம் வந்தது. வீட்டில் அவர் பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, அதன் ஓரத்தில் டேப் ஒட்டி, டேப் பிய்ந்த இடத்தில் காலண்டர் அட்டை சொருகி வைத்திருப்போம். அப்படியும் ஒரு கீற்று உள்ளே வந்துவிடும். இங்கே அந்தக் கீற்றும் இல்லை. கப்பல் நகர்வதற்கு முன்பே குறட்டை வந்துவிட்டது.

நான் தனியாக மேலே போய் சென்னை சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தேன். பக்கத்தில் ஆந்திராக் குடும்பம் ஒன்று, எல்லைப்பக்கத்துக்காரியான எனக்கும் புரிகிற தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தது. "பால்கனிக்காரர்களுக்கு ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டே இருக்கலாமாம்" என்றார் அப்பா. "ஐஸ்கிரீம் எல்லாருக்கும் உண்டு, அவர்களுக்குச் சட்டை இஸ்திரி போட்டுத் தருவார்கள்" என்றாள் அம்மா. "கப்பலில் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு யாரைப் பார்க்கப் போகிறோம்?" என்றாள் மகள். எனக்கு அப்போதே குழப்பம் ஆரம்பித்துவிட்டது.

கீழே வந்தால் அறைக்குள் போக முடியவில்லை. ஆளுக்கு ஒரு கார்டு கொடுத்திருந்தார்கள். நான் வெளியே கிளம்பும்போது பழக்க தோஷத்தில் என் கார்டை அவர் கையில் திணித்துவிட்டு, "பூட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அவரும் கண்ணைத் திறக்காமலே வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். இரண்டு கார்டும் உள்ளே, நான் வெளியே. தட்டினேன், கூப்பிட்டேன். ஃபர்னஸ் சத்தத்தில் வேலை செய்கிறவருக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? கடைசியில் அறையைச் சுத்தம் செய்யும் மணிப்பூர்ப் பெண் வந்து திறந்துவிட்டாள். சண்டை போட்டுக்கொண்டோமா என்று கை ஜாடையில் கேட்டாள். அதற்கும் கொடுத்து வைக்கவில்லையே என்று தமிழில் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் முழுக்கக் கடல். நாஷ்டாவுக்கு எழுப்பினேன். "இன்னும் விடியலையே" என்றார். அந்த அறையில் எப்படி விடியும்? எனக்கு அழுகை வராத குறை. அப்போதுதான் புத்தியில் பட்டது: வெளிச்சம் வந்தால் எழுந்துகொள்வார். பால்கனி அறையில் வெளிச்சம் வரும்.

விசாரணை மேஜையில் கோவாக்காரப் பெண் ஒருத்தி. மதியத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், ஒன்றிரண்டு அறைதான் காலி என்றாள். அவள் ஆங்கிலம் எனக்குப் பாதி புரிந்தது. என் ஆங்கிலம் அவளுக்கு அதுவும் புரியவில்லை. தனி உணவுக்கூடம், துறைமுகத்தில் இறங்கத் தனி வரிசை, பழத்தட்டு, குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ள வெள்ளைக் கோட்டு, மேல்தளத்தில் காபி என்று அடுக்கினாள்.

"சமையல் தனி அடுப்பா, ஒரே அடுப்பா?" என்று கேட்டேன். எங்கள் கம்பெனியில் ஆபீசர் கேன்டீன் தனி, எங்கள் கேன்டீன் தனி. அங்கே மேஜைக்குத் துணி விரிப்பார்கள். சாம்பார் ஒரே அண்டாவிலிருந்துதான் போகும். அவள் சிரித்தாள். அண்டா ஒன்றுதான் என்று புரிந்துகொண்டேன்.

"காலையில் வெயில் கட்டில்மேல் விழுமா?" என்று அடுத்த கேள்வி கேட்டேன். கப்பல் திரும்பினால் வெயிலும் திரும்பும் மேடம் என்றாள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது, இன்னொருத்தியைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லிச் சிரித்தாள்.

முடிவெடுக்க முடியாமல் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் காதர் பாயையும் அவர் மனைவி நூர்ஜா அக்காவையும் பார்த்தேன். பழவேற்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர்கள். நம் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்ததும் நானே போய் ஒட்டிக்கொண்டேன். அவர்கள் பால்கனி அறைக்காரர்கள். கடல் பார்க்கத்தான் காசு கட்டினீர்களா என்று கேட்டேன்.

"அட நீ வேற! கடலு எங்களுக்கு புதுசா? ஊட்டுக்கு பின்னால தண்ணிதான்" என்றார் பாய். "இவளுக்கு கூட்டத்துல தட்டு ஏந்திக்கினு நின்னா தொண்டையில சோறு எறங்காது. அதுக்குதான் கட்டுனேன்."

அவர் தண்ணீர் குடிக்கப் போனதும் அக்கா என் பக்கம் சாய்ந்தாள். "எனக்கு இன்னா கூட்டம்? கல்யாண ஊட்டுல நிக்கலையா நானு? அவருக்கு முட்டி வலி. லைன்ல நிக்க முடியல, வெளிய சொல்ல மாட்டாரு. அதான் எனக்கு கூச்சம்னு சொல்லி கட்ட வச்சேன்."

ஒரே அறைக்கு இரண்டு பேரிடம் இரண்டு காரணம். யாரை நம்பி நான் முடிவெடுப்பது? கடைசியாக அறைக்குப் போய் இருட்டில் நின்று வீட்டுக்காரரையே கேட்டேன்.

"ஏங்க, ரூமு மாத்தலாமா?"

"உன் இஷ்டம்."

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதே இருட்டு, இதே பதில்தான். நானே போய்க் கட்டிவிட்டேன். தீபாவளி போனஸில் தைரியமாகச் செய்த ஒரே செலவு அது.

புது அறை எப்படி இருந்தது என்றால், சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் இரண்டு நாற்காலி போட்ட பால்கனி, அதற்கு அப்பால் நீலமாகக் கடல் மட்டும்தான். வெளிச்சம் கட்டில், தலையணை, பழத்தட்டு எல்லாவற்றின் மேலும் கொட்டிக் கிடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். எங்கள் கம்பெனி லேப்காரி மாதிரி இருந்தேன்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கண்ணாடிச் சுவரைப் பார்த்தார். கடலை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஓரத்தில் ஒதுக்கியிருந்த ஸ்கிரீனைப் பிடித்து விரலால் துணியின் கனத்தைத் தேய்த்துப் பார்த்தார். சர்ரென்று இழுத்து மூடினார். நடுவில் ஒரு கீற்று தெரிந்தது. நான் துணி காயப்போடக் கொண்டுவந்திருந்த கிளிப்புகளைப் பையிலிருந்து எடுத்து மேலிருந்து கீழாக வரிசையாகக் குத்தினார். அறை கீழ்த்தளத்து அறை மாதிரியே ஆகிவிட்டது.

"எஸ்தரு, இன்னா கெட்டி பாரு இந்த ஸ்கிரீனு! இதுக்கு குடுக்கலாம் காசு" என்றார். மனசாரச் சொன்னார். அடுத்த நிமிடம் தூங்கிவிட்டார்.

இருட்டில் வெள்ளைக் கோட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன். கோபமா சிரிப்பா என்றே தெரியவில்லை. வெளிச்சத்துக்குக் காசு கட்டி இருட்டை வாங்கின ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தனி உணவுக்கூடத்துக்குத் தனியாகத்தான் போனேன். வெள்ளைத் துணி விரித்த மேஜை, மூன்று வகை ஸ்பூன், எதை எடுத்தாலும் பன்னீர். பரிமாறுகிறவர் எதிர் நாற்காலியைக் காட்டி, சார் வருவாரா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். நூர்ஜா அக்கா ஒளித்துக் கொண்டுவந்திருந்த இறால் ஊறுகாயை மேஜைக்கு அடியில் நீட்டினாள். அந்தக் கூடத்தில் நான் ருசித்துச் சாப்பிட்டது அது ஒன்றைத்தான்.

திருகோணமலையில் தனி வரிசையில் முதலில் இறங்கினோம். இறங்கிப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே பஸ். முதலில் இறங்கியவர்கள் அந்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, கடைசியில் இறங்கியவர்கள் வரும்வரை வேர்த்துக்கொண்டிருந்தோம். இந்தத் தனி வரிசைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

பஸ் எங்களைத் துறைமுக வாசலில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஓர் ஆட்டோ பிடித்தோம். சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் தேங்காய்ப்பால் விட்ட சொதியும் சம்பலும் வைத்தார்கள். இடியப்பம் அங்கே கொஞ்சம் சிவப்பு, தேங்காய்ச் சம்பல் நம் சட்னியைவிட உதிரி, காரம் நேராக மண்டைக்கு ஏறுகிறது. கப்பலில் தின்ற பன்னீருக்குப் பிறகு அது எனக்கு அமிர்தமாக இருந்தது. வீட்டுக்காரரும் அரைக்கண்ணில் நன்றாகவே சாப்பிட்டார். பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு. கையை விட்டுப் பார்த்தவர் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "எங்க ஃபர்னஸ் கூலிங் தண்ணி இத விட சூடு" என்று ஆரம்பித்து வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே பேசினார். நானும் உட்கார்ந்து கேட்டேன். ஆஹா, இதோ வந்துவிட்டது நான் கேட்டது என்று நினைத்தேன். வெந்நீர் உடம்பில் பட்டதும் தூக்கம் இரட்டிப்பாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோ டயர் பஞ்சரானது. டிரைவரும் நானும் இறங்கி நின்றோம். வீட்டுக்காரர் உள்ளேயே சாய்ந்துவிட்டார்.

"அண்ணைக்குச் சுகமில்லையோ, அக்கா?" என்று கேட்டார் டிரைவர்.

"நல்லாதான் கீறாரு தம்பி. அவருக்கு இப்பதான் ராத்திரி."

"எந்த ஊரிலை இப்ப ராத்திரி?" என்று அவர் கடலைப் பார்த்துக் கேட்டார்.

"கும்மிடிப்பூண்டியில" என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரரை இறக்காமலே ஜாக்கி போட்டு டயர் மாற்றினார் டிரைவர். கப்பல் வாசலுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தோம்.

கடைசி முழுநாளும் கடல்தான். மறுநாள் சென்னை. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தேன். இருட்டு, கிளிப், குறட்டை. சட்டென்று எனக்குத் தாங்க முடியவில்லை.

"நான் இன்னாத்துக்குங்க காசு கட்டுனேன்? கடல பாக்கவா? உங்கள பாக்கறதுக்குதானே கட்டுனேன்!" என்று கத்தியேவிட்டேன். குறட்டை நிற்கவில்லை. கிளிப்புகளைப் பிடுங்கி எறிந்து ஸ்கிரீனை ஒரு பக்கமாக இழுத்தேன்.

வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. முழங்கையை மடக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார். தூக்கத்திலேயே செய்தார், தினமும் செய்து பழகியதுபோல. அந்தக் கையில் ஃபர்னஸ் பொறி பட்ட கறுப்புப் புள்ளிகள். அதில் பாதியை நான் பார்த்ததே இல்லை. தாடையில் முள்முள்ளாக வெள்ளை. எப்போது இவ்வளவு நரைத்தார் இந்த மனிதர்? பஸ் ஸ்டாப்பில் சாவி கொடுக்கிற நேரத்தில் இதையெல்லாம் யார் பார்த்தது? அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய், அவரை அப்படியே மூடிவைக்க வேண்டும் போலிருந்தது.

ஸ்கிரீனைத் திரும்ப இழுத்தேன். தரையில் கிடந்த கிளிப்புகளைத் தடவி எடுத்து, ஒரு கீற்றும் இல்லாமல் நானே குத்தினேன். பிறகு கட்டிலின் மறுபக்கம் போய்ப் படுத்தேன்.

கட்டில் அசைந்ததில் அவருக்கு லேசாக முழிப்பு வந்துவிட்டது. கை வந்து என் தோளைத் தொட்டுப் பார்த்தது.

"எஸ்தரா? இன்னா, பஸ்ஸ வுட்டுட்டியா?"

அவர் படுத்திருக்கும்போது நானும் படுத்திருக்கிறேன் என்றால் வேறு எதற்காக இருக்கும்?

"ஆமாங்க. வுட்டுட்டேன்."

"செரி, தூங்கு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்வதற்குள் தூங்கியும் போனேன். பகலில் அப்படித் தூங்கியதே இல்லை.

எழுந்தபோது இருவருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. கிளிப்பை எடுத்துப் பார்த்தால் வெளியே சாயங்கால வெயில். அவர் தானாகவே கதவைத் தள்ளி பால்கனிக்குப் போனார். பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் ஆப்பிளை நறுக்க நறுக்க அவர் தின்றார். மகனைப் பற்றிப் பேசினோம். மகள் வீட்டுச் சம்பந்தி பற்றி ஒரு பாட்டம் குறை சொன்னோம். "நல்லாதான் கீது இந்த கடலு" என்றார். முழித்த கண்ணோடு சொன்னார். இது பால்கனிக்குச் சேருமா, ஸ்கிரீனுக்குச் சேருமா? அதுதான் சொன்னேனே, எனக்குக் குழப்பம் தீரவில்லை என்று.

சென்னை வந்து இறங்கிய அன்று ராத்திரியே அவர் டூட்டிக்குப் போய்விட்டார். மறுநாள் காலை நான் அதே பஸ் ஸ்டாப்பில், கையில் சாவியோடு நின்றேன். அவர் பஸ் வந்தது, இறங்கினார். பின்னாலேயே என் பஸ்ஸும் வந்துவிட்டது. ரேவதி ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! இன்னா, ஒர்த்தா? பால்கனி எடுக்கலாமா, வேணாமா?"

நான் ஒரு காலைப் படியில் வைத்தபடியே அவரிடம் சாவியை நீட்டினேன். "கொழம்பு அடுப்பு மேல கீது."

அவர் வாங்கவில்லை. கறுத்துப் போன கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எஸ்தரு, இன்னிக்கு ஒரு நாளு பஸ்ஸ வுட்டுடேன்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஃபர்னஸ்காரர் மெதுவாகப் பேசினாலே தெருவுக்குக் கேட்கும். பஸ்ஸுக்குள் ஓவென்று சிரிப்பு. டிரைவர் ஹாரன் அடித்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. படியில் வைத்த காலைக் கீழே எடுத்தேன்.

பஸ் நகர்ந்தது. "அட அக்கா, பதில் சொல்லாம நிக்கிறியே!" என்று ரேவதி கத்திக்கொண்டே போனாள்.

"ஸ்கிரீன் கெட்டியா கீதான்னு பாத்துட்டு எடுடி!" என்று நானும் கத்தினேன்.

அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. சாவி என் கையிலேயே இருந்தது. அன்றைக்கு வீட்டை நான்தான் திறந்தேன். அவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.